செத்த காலேஜில் ஒரு படையல்

சென்னைப்பட்டணத்து ஜனங்கள் எழும்பூர் ம்யூசியத்துக்கு வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சரித்திரம் பெயர் வைத்தவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 1851ல் ம்யூசியம் தொடங்கியது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தில். பிறகுதான் எழும்பூர் பாந்தியனுக்கு வந்தது. 1855ல் அதன் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டினார். மிருகங்கள் பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985ல் வண்டலூருக்கும் போய்விட்டன. செத்தவை எழும்பூரிலேயே தங்கிவிட்டன. இந்த ஸ்தாபனம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு எழுதப் படிக்கத் தெரியாதவன் இரண்டு வார்த்தையில் சொன்ன பதில் அது. அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நம்மில் யாரும் எழுதிவிடவில்லை.

பெயரில் ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. செத்தவர்களை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் செத்தவர்களுக்கு ஒரு நாள் கொண்டாட முடியுமா? வேறொரு தேசத்தில் இந்தக் கேள்வியை வெறும் கேள்வியாக விடாமல் செய்தே பார்த்திருக்கிறார்கள். அந்தப் பரிசோதனையை வைத்து நம்முடையதைப் பார்க்கலாம்.

நவம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் மெக்ஸிகோவில் இறந்தோர் தினம். முதல் நாள் இறந்துபோன குழந்தைகளுக்கு; அடுத்த நாள் பெரியவர்களுக்கு. வீட்டில் படி படியாக மேடை கட்டித் துணி விரித்து, இறந்தவரின் படம், ஒரு தம்ளர் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, கோப்பால் என்னும் பிசின் புகை, அதற்கென்றே சுட்ட ரொட்டி, சர்க்கரையில் வார்த்த மண்டையோடு, அவருக்குப் பிடித்த சாப்பாடு, குடிப்பவராக இருந்தால் குடிக்கவும் ஏதாவது. ஒஃப்ரெந்தா என்பது பெயர். தமிழில் படையல் என்றால் சரியாகவே இருக்கும். யுனெஸ்கோ 2003ல் இதை மானுடப் பாரம்பரியம் என்று அறிவித்தது. 2008ல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஆனால் இந்தப் படையல் ம்யூசியத்துக்குள் ஒரு சமூகத்தின் காரியமாக வேர்பிடித்தது எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவில். 1970களின் தொடக்கத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் என்ற அச்சுக்கலைக் கூடமும், சான் ஃபிரான்ஸிஸ்கோவில் கலேரியா தெ லா ராஸாவும் இதை ஆரம்பித்தன. சிகாகோவில் மெக்ஸிகர்கள் வசிக்கும் பில்ஸன் பகுதியில், ஆசிரியர்கள் சிலர் 1982ல் அமைத்த ம்யூசியம் 1987ல் திறக்கப்பட்டது. அந்த வருஷத்திலிருந்தே அங்கு ஆண்டுதோறும் இறந்தோர் தினக் கண்காட்சி நடக்கிறது. உள்ளே போகக் காசு கிடையாது. ஓவியர்கள் கட்டும் படையல்களோடு அந்தப் பகுதிக் குடும்பங்கள் கட்டுபவையும் இருக்கும். தாத்தாவின் தொப்பி, எல்லையைத் தாண்டும்போது பாலைவனத்தில் செத்தவனின் படம், எய்ட்ஸில் போன நண்பர்கள்.

ஏன் அங்கே? காரணம் எளிமையானது. கல்லறைகள் எல்லைக்கு அப்பால் இருந்தன. வேலை தேடி வந்தவனால், அதிலும் காகிதமில்லாமல் வந்தவனால், பாட்டியின் சமாதியைக் கூட்டிப் பூப்போடத் திரும்பிப் போக முடியாது. போனால் வர முடியாது. ஆகவே ம்யூசியத்தின் தரையை இரவல் வாங்கினார்கள். அங்கே ம்யூசியம் ஓர் இரவல் மயானம். பார்ப்பதற்காக வைத்த பொருளென்று எதுவும் முதலில் இல்லை. கொடுப்பதற்காக வைத்ததை மற்றவர்களும் பார்த்தார்கள்.

இந்த வரிசை தலைகீழாகும்போது என்ன நடக்கிறது என்பதற்கும் மெக்ஸிகோவே உதாரணம். 2013ல் டிஸ்னி நிறுவனம் ஒரு படத்துக்காக இந்தப் பண்டிகையின் பெயரையே வியாபார முத்திரையாகப் பதிவுசெய்யப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. 2015ல் வந்த ஜேம்ஸ்பாண்டு படத்தில் மெக்ஸிகோ நகரத்துத் தெருவில் பிரம்மாண்டமான எலும்புக்கூட்டு ஊர்வலம் ஒன்று வருகிறது. அப்படியொரு ஊர்வலம் அந்த நகரத்தில் அதுவரை நடந்ததில்லை. படத்தைப் பார்த்து வருகிறவர்கள் ஊர்வலம் எங்கே என்று கேட்பார்களே என்று 2016ல் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஆயிரக்கணக்கில் மண்டையோடுகள் போகின்றன. எதுவும் யாருடையதுமல்ல.

அந்த மண்டையோட்டு முகத்தை வரைந்தவன் ஹோஸே குவாதலூப் போஸாதா. தெருவில் விற்கும் மலிவுப் பிரசுரங்களுக்குப் படம் செதுக்கிய தொழிலாளி. ஐரோப்பியச் சீமாட்டியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் பூர்வீகத்தை மறைத்தவர்களைக் கிண்டல் செய்ய எலும்புக்கூட்டுக்குத் தொப்பி போட்டான். 1947ல் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு உடம்பும் உடையும் கொடுத்து கத்ரீனாவாக்கினார். இன்று உலகமெங்கும் சட்டையில் அச்சடிக்கிறார்கள். போஸாதா 1913ல் வறுமையில் இறந்தான். ஏழைகளுக்கான குழியில் புதைத்தார்கள். கேட்பாரில்லாததால் சில வருஷங்களில் எலும்புகளை அள்ளிப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். இறந்தோர் தினத்தின் முகத்தை வரைந்தவனுக்குப் பூப்போட ஓர் இடம் கிடையாது.

நம் வட்டத்தில் மெக்ஸிகோவின் மரணத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது ஒக்தாவியோ பாஸ் மூலம் தெரிந்தது. 1950ல் வெளிவந்த தனிமையின் புதிர்வழியைப் பற்றிய நூலில், மெக்ஸிகன் மரணத்தைக் கண்டு ஒதுங்காதவன், அதோடு விளையாடுகிறவன் என்று அவர் ஒரு சித்திரம் தந்தார். அழகான சித்திரம். அதன் பலவீனமும் அழகிலேயே இருக்கிறது. 'மெக்ஸிகன்' என்ற ஒரு பொதுமனிதன் அதில் சாவோடு விளையாடுகிறான். குறிப்பிட்ட ஒருவனுடைய குறிப்பிட்ட அம்மா அதில் சாவதில்லை. அதே பாஸ் 1962லிருந்து தில்லியில் மெக்ஸிகோவின் தூதராக இருந்தார். 1968 அக்டோபரில் த்லதெலோல்கோ சதுக்கத்தில் தன் அரசாங்கம் மாணவர்களைச் சுட்டுக் கொன்றதும் அந்தப் பதவியை விட்டார். சாவைப் பற்றிய தத்துவத்தை அவர் அன்று எழுத உட்காரவில்லை. செத்தவர்களுக்குத் தான் ஏதோ பட்டிருக்கிறோம் என்று நடந்துகொண்டார். என்னைப் பொறுத்தவரை அவருடைய இறந்தோர் தினக் கட்டுரையின் சரியான கடைசிப் பத்தி அந்த ராஜினாமாதான்.

இனி நம்மூர். மெக்ஸிகோவின் தேதியே நமக்கும் உண்டு. நவம்பர் 2 கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள். ஆழ்வார்பேட்டையிலிருந்து அதிக தூரமில்லாத குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அன்று பார்க்கலாம். சமாதிகளைக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், மெழுகுவர்த்தியோடு ஊதுவத்தியும் ஏற்றுகிறார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போகிறார். சிலுவை மேல் போடும் துலுக்கச் சாமந்தி மெக்ஸிகோவிலிருந்து நம் தேசத்துக்கு வந்த செடி. அங்கே படையலுக்குப் பாதை போடும் பூவும் அதுதான். இதைப் பெரிய தற்செயல் என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு, பூவைத் தூக்கிவந்த கப்பலும் திருநாளைத் தூக்கிவந்த கப்பலும் ஒரே சாம்ராஜ்யங்களுடையவை என்று மட்டும் ஞாபகப்படுத்தலாம்.

அதற்குச் சில வாரங்கள் முன்னால் மஹாளய அமாவாசை. ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் காலையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காக்காய்க்குச் சோறு வைத்த பிறகு வீட்டார் சாப்பிடுகிறார்கள். மறுநாள் நவராத்திரி தொடங்கிவிடுகிறது. பரணிலிருந்து பொம்மைகள் இறங்குகின்றன, படி கட்டுகிறார்கள், கொலு வைத்துப் பிறரை அழைத்துக் காட்டுகிறார்கள். மெக்ஸிகோக்காரன் ஒரே மேடையில் சேர்த்துவிட்ட இரண்டை நாம் ஒரு ராத்திரி இடைவெளியில் பிரித்து வைத்திருக்கிறோம். படிக்கட்டும் காட்சியும் கொலுவுக்குப் போயின. அதில் செத்தவர்களுக்கு இடமில்லை. செத்தவர்களுக்குக் கிடைத்தது காட்சியில்லாத ஒரு கூப்பிடல். படம் வேண்டாம், பெயர் வேண்டும். இந்த முறை எல்லோருக்கும் பொதுவானதுமல்ல, எல்லோருக்கும் நியாயமானதுமல்ல. மகளுக்கு அதில் வாய் கிடையாது. வேறு வீடுகளில் ஆடி அமாவாசைக்குக் கருவாடும் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்காளம்மன் கோயில்களில் மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்த நாள், மேல்மலையனூரிலும் சென்னையின் சில பேட்டைகளிலும், சுடுகாட்டுக்கே ஊர்வலமாகப் போய்ப் படைத்ததைச் சூறைவிடுகிறார்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஒன்று பொது. கொடுக்கிறவனுக்கு யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியும்.

ஆகவே நாளை ஆழ்வார்பேட்டை ஓவியக்கூடம் ஒன்றில் யாராவது மெக்ஸிகப் படையல் ஒன்றை அமைத்து, வருகிறவர்கள் முகத்தில் மண்டையோடு வரைந்துவிட்டால், அந்நியப் பண்டிகை என்று நான் ஆட்சேபிக்கமாட்டேன். அந்தப் படத்தில் இருப்பவர் யார், இதை வைத்தவருக்கு அவர் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பேன். முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. தூணும் கதவும் அற்புதமானவை. காப்பாற்றியவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நகரத்தார் வீடு என்பது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு போடும் இடமும்தான். மரத்தைக் கழற்றி எடுத்துவந்து பூட்டலாம். பங்காளிகளை எங்கிருந்து எடுத்து வருவது?

நடுகல்லைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தொல்காப்பியம் அதை ஒரு கல்லாகச் சொல்லவில்லை. ஆறு காரியங்களாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல்லெடுத்த பகுதியும் இதே வரிசையில்தான் காதைகளாகப் பெயர் பெற்றிருக்கிறது. ஆறில் கல் என்ற பொருள் சம்பந்தப்பட்ட வேலை நாலோடு முடிந்துவிடுகிறது. படைப்பதும் வாழ்த்துவதும் பாக்கி. ம்யூசியம் காண்கிறது, கொண்டுவருகிறது, கழுவுகிறது, நடுகிறது. ஐந்தாவது காரியம் அதற்குத் தெரியாது.

செங்கம் வட்டாரத்து நடுகற்களை 1972ல் தமிழ்நாடு தொல்லியல் துறை, நாகசாமியின் பதிப்பில், புத்தகமாகக் கொண்டுவந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் செத்த ஒருவனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாய். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பல்லவ ராஜாக்களின் மனைவிமார் பலர் பெயரில்லாமல் போயிருக்கும் நாட்டில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறது. கடன்பட்டவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிற விதம் அது. தருமபுரி, செங்கம் பக்கங்களில் இத்தகைய கற்கள் பலவற்றை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொங்கல் வைக்கிறார்கள். எழுத்தைப் படிக்க வருகிற கல்வெட்டு அறிஞர் அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாக வேண்டியிருக்கிறது. துடைத்தால்தான் பெயர் தெரியும். பூசிக்கொண்டிருந்ததால்தான் கல் இருந்தது. இந்த முரண்பாட்டுக்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அறிஞர் பக்கம் மட்டும் விஞ்ஞானம், மறுபக்கம் அறியாமை என்று சொல்லும் சௌகரியத்தை விட்டுவிட வேண்டும்.

கல்லுக்காவது பெயர் இருக்கிறது. தாழிக்கு அதுவும் இல்லை. தாமிரபரணிக்குத் தெற்கே 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்பு ஒரு மயானம். 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899லிருந்து 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார்; அந்தப் பொருள்கள்தான் எழும்பூருக்கு வந்தன. நெற்றியில் கட்டுவதற்கு இரண்டு முனையிலும் துளையிட்ட பொற்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், மட்பாண்டங்கள். தாழிகளுக்குள் இருந்த கலயங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடந்ததை ரீ குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பில் நின்று யோசிக்க வேண்டும். யாரோ ஒருத்தி, அல்லது ஒருவன், செத்தவருக்குப் பசிக்கும் என்று நினைத்துக் கலயத்தில் போட்ட சாப்பாடு அது. பில்ஸனில் வைக்கும் ரொட்டியும் குழம்பும் செய்கிற அதே காரியம். அதாவது எழும்பூரில் இருப்பது ஏற்கனவே ஒரு படையல்தான். எவரோ ஒருவருடையதை இன்னொருவர் எடுத்துவந்து கலைத்தது. பொன் பொன்னோடு, இரும்பு இரும்போடு, பானை பானையோடு என்று இனம் பிரித்து அடுக்குவது ம்யூசியங்களின் பழைய வழக்கம். அப்படி அடுக்கியதும் எந்த உமி எந்தப் பொற்பட்டக்காரருடையது என்ற சேதி போய்விடுகிறது. ஒரு மனுஷனின் சாவு சிதறி, ஒரு நாகரிகத்தின் தொழில்நுட்பமாகிவிடுகிறது.

2004-05ல் மறுபடியும் தோண்டினார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள். 2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரிலேயே, தாழிகள் இருந்த இடத்தில் அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டுப் பார்க்கச் செய்தார்கள். எடுத்துப் போகாமல் விட்டது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கு மேலே நிற்பவரைக் கவனியுங்கள். தமிழன் எவ்வளவு பழையவன் என்று கணக்குப் போடத்தான் அவர் வந்திருக்கிறார். கி.மு. எத்தனை என்பதே அவர் கேள்வி. நம் அரசியல் மேடைகளும் தமிழ்த்துறைகளும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். செத்தவர்கள் நமக்குப் பழமைச் சான்றிதழ் தரவேண்டும். நாம் அவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீரும் தரவேண்டாம். கடனின் திசையை மாற்றிவிட்டோம்.

கடன் உயிரோடிருக்கும் இடத்தில் எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழில் இன்று ஈழம்தான் சாட்சி. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களில் பலருக்குக் கல்லறை இல்லை. மே 18 அன்று அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். முற்றுகைக்குள் கடைசியில் கிடைத்த உணவு அது. அதைக் காய்ச்சியதற்கே போலீஸ் வந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அதே ஏப்ரலில் மறுபடி எழுந்தது. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017லிருந்து கிளிநொச்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மரணச் சான்றிதழை வாங்க மறுக்கிறார்கள். பிள்ளையின் படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள், அதன்முன் படையல் வைக்கச் சம்மதிப்பதில்லை. ஒரு கஞ்சியை அரசு அஞ்சுகிறது என்றால், படையல் என்பது ஏதோ வண்ணமயமான கிராமியக் கலை அல்ல என்றாகிறது. செத்தவர் இன்னார், அவர் எனக்கு இன்னார் என்று பொது இடத்தில் சொல்லும் வாக்குமூலம் அது.

எழும்பூரில் என்ன செய்யலாம்? கலாசாரத் துறையை விட்டுப் படையல் போடச் சொன்னால் குத்துவிளக்கு, மந்திரி, வரவேற்பு நடனம் என்று முடியும். அதைவிட அந்த மௌனமே மேல். நான் கேட்பது அதைவிடக் குறைவு, ஆனால் கடினம். ஒரு தாழியையாவது அதனுள் கிடைத்ததோடு சேர்த்து வையுங்கள். எந்த வருஷம், யார் தோண்டியது, என்ன எங்கே போயிற்று, பெர்லினுக்குப் போனது எது என்று தமிழில் எழுதி வையுங்கள். கலயத்தில் உமி இருந்தது என்று எழுதுங்கள். அது சோறு என்றும் எழுதுங்கள். பெயர் தெரியாதவர்களை நோக்கிச் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான், அதுவே நிறைய.

இதையெல்லாம் எழுத்தாளர்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம், நாமும் ஒரு செத்த காலேஜ் நடத்துகிறோம் என்பது. எழுத்தாளன் செத்தால் நம்மிடம் ஓர் அஞ்சலிக் கூட்டம் இருக்கிறது, கறுப்புக் கட்டம் போட்ட ஒரு பக்கம் இருக்கிறது. பத்து வருஷம் அவனைப் படிக்காதவர்கள் ஈடு செய்ய முடியாத இழப்பு என்கிறார்கள். எல்லா இழப்பும் ஒரே அளவில் ஈடு செய்ய முடியாததாக இருப்பதால், ஊர்வலத்து மண்டையோடுகளைப் போல எல்லா எழுத்தாளர்களுக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. எந்தக் கதை, எந்த வரி, அது எனக்கு என்ன செய்தது, எங்கே சறுக்கியது என்ற பேச்சு செத்தவருக்கு அவமரியாதை என்று ஒத்திப்போடப்படுகிறது. பிறகு அது வருவதேயில்லை.

மெக்ஸிகோவில் இறந்தோர் தினத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பத்திரிகைகளில் நடப்பது. உயிரோடிருக்கும் பிரமுகர் செத்துவிட்டதாகப் பாவித்துக் கேலியாக இரங்கற்பா எழுதுவார்கள். கலவேரா என்று அதற்குப் பெயர். மந்திரிக்கும் உண்டு, கவிஞனுக்கும் உண்டு. நமக்கு இது அந்நியமானதல்ல. நம் ஒப்பாரியில் புகழ்ச்சிக்குச் சமமாக வசையும் வழக்கும் இருக்கும். செத்தவரிடமே கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவாள். புதுமைப்பித்தனின் காலனும் கிழவியும் கதையில் உயிரெடுக்க வந்த எமனையே கிழவி படாதபாடு படுத்தி அனுப்புகிறாள். அந்தக் கிழவிக்கு இருக்கும் வாய் நம் அஞ்சலிக் கட்டுரைகளுக்கு ஏன் இல்லை? ஒப்பாரி வைப்பவள் உறவுக்காரி, அதனால் சண்டை போடுகிறாள். நாம் செத்தவரோடு சண்டை போடாதது மரியாதையால் என்று நான் நம்பவில்லை. உறவு இல்லாததால்.

பாக்கியை ஒப்புக்கொள்கிறவனுக்கு விவரம் தேவைப்படும். எழுத்து பத்திரிகை 1959லிருந்து 1970 வரை வந்தது; அதில் எழுதியவர்களில் எத்தனை பேரின் கவிதைகள் இன்று கடையில் கேட்டால் கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த அஞ்சலிக் குறிப்பை எழுத உட்காருகிறவர் இறந்தவரின் ஒரு கவிதையையாவது பெயர் சொல்லி எடுத்து, அது ஏன் தேறியது, அல்லது ஏன் தேறவில்லை என்று எழுதட்டும். புத்தகம் அச்சில் இல்லையென்றால் அதையும் எழுதட்டும். அதன் பிறகு கறுப்புக் கட்டம் போடலாம்.